நூற்றெட்டுப் பட்டமும் ஒரு குண்டும்

முன்னொரு காலத்தில் ஏழுமடை என்ற மலைநாட்டை ரணபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் சொன்னதைச் சாயங்காலம் மாற்றிவிடுவார், அது ஒன்றுதான் குறை.

அந்த நாட்டில் காட்டுப்பன்றித் தொல்லை பெருத்துவிட்டது. சோளக்கொல்லை ஒன்று மிச்சமில்லை. மலைக்காவலர் நூறு பேரும் வெறும் கம்போடு அலைந்தார்கள். "சரி, ஆளுக்கொரு துப்பாக்கி!" என்றார் ராஜா. கொல்லன் இரண்டு மாதிரி செய்து கொண்டுவந்தான். குண்டு ஓடும் குழல் ஒன்றில் உலக்கை மாதிரி கனம். இன்னொன்றில் மூங்கில் மாதிரி இலேசு.

"கனத்த குழல்தான் ஆண்பிள்ளைக்கு அழகு!" என்றார் தளவாய் விசயரங்கம், படைக்கெல்லாம் தலைவர்.

"சுமக்கிறவன் யார்? நீரா?" என்று கேட்டார் பிரதானி ஒண்டிப்புலி. சந்தையில் புளி விற்று, பேரம் பேசிப் பேசியே மந்திரி நாற்காலிக்கு வந்தவர். முன்கோபி. தளவாய்க்கோ அந்த நாற்காலியின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"புளிமூட்டைக்காரருக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும், மகாராஜா? போட்டி வையுங்கள். தோற்றவர் பதவியை விடட்டும்!"

ராஜாவுக்குப் போட்டி என்றால் பாயசம். "அப்படியே! ஆளுக்குப் பத்துப் பானை, பத்துக் குண்டு!"

தளவாய் மணல்மூட்டை மேல் கனத்த துப்பாக்கியைச் சாய்த்துவைத்துச் சுட்டார். பத்துக்குப் பத்துப் பானை உடைந்தது. இலேசான துப்பாக்கியை மொக்கையன் என்ற மலைக்காவலன் கையில் கொடுத்தார் ஒண்டிப்புலி. முதல் மூன்று குண்டும் பானையில் பட்டன. அப்புறம் குழல் சூடேறி, குண்டு கண்டபடி போக ஆரம்பித்தது. எட்டாவது குண்டு அரண்மனை மடப்பள்ளி ஓட்டைப் பெயர்த்தது.

"முத்திரை மோதிரத்தைக் கழற்றும், பிரதானி" என்றார் ராஜா.

வேறொருவனாக இருந்தால் கழற்றியிருப்பான். ஒண்டிப்புலி விலை படியாமல் கடையை விட்டு இறங்குகிற ஆளா?

"கழற்றுகிறேன் மகாராஜா. அதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு குண்டு."

"பத்தில் தோற்றவர் ஒன்றில் என்ன கிழிப்பீர்?" என்று சிரித்தார் தளவாய்.

"பன்றி பத்துக் குண்டுக்கு நிற்குமா ஐயா? ஒன்றுக்கு நின்றாலே அதிசயம்! மணல்மூட்டையும் வேண்டாம். மலையில் யார் சுமந்துகொண்டு போய் வைப்பது? பயமாக இருந்தால் சொல்லும், விட்டுவிடுகிறேன்."

"யாருக்குப் பயம்? நானே சுடுகிறேன்!"

"இன்னொன்று மகாராஜா. சற்றுமுன் அவசரத்தில் கட்டியம் சொல்லாமலே சுட்டுவிட்டோம். தங்களுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை!"

கட்டியம் என்றால் ராஜாவின் பட்டங்களைச் சபையில் உரக்கச் சொல்வது. ஏழுமடையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியம் முடியும்வரை, ஆயுதம் ஏந்தியவன் அதைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி நிற்க வேண்டும். ராஜா உத்தரவு கொடுக்கும்வரை இறக்கக் கூடாது. பட்டங்கள் மொத்தம் நூற்றெட்டு. யாருக்குப் பொறுமை? எப்போதும் நாலு சொல்லி முடித்துவிடுவார்கள்.

"இன்றைக்கு நூற்றெட்டையும் கேட்கக் காது ஏங்குகிறது" என்றார் ஒண்டிப்புலி.

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "நாமும் கேட்டு நாளாயிற்று. ஆகட்டும்!"

தளவாயும் மொக்கையனும் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தார்கள். கட்டியக்காரன் தொண்டையைச் செருமினான்.

"மும்மலை கொண்ட முடிவேந்தர்! மாற்றான் கோட்டையை மதியத்துக்குள் பிடித்த மகராசர்! மாமனாரைச் சதுரங்கத்தில் மடக்கிய மதியூகி..."

இருபதாவது பட்டத்தில் தளவாயின் நெற்றி வியர்த்தது. நாற்பதில் முழங்கை நடுங்கியது. அறுபதில் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்க்க ஆரம்பித்தது.

"தளவாய், என் பட்டத்தைக் கேட்டு ஏன் முகம் சுளிக்கிறீர்?" என்றார் ராஜா.

"ஆ... ஆனந்தம், மகாராஜா!"

எழுபதாவது பட்டத்தில் ராஜா கையை உயர்த்தினார். தளவாய்க்கு உயிர் வந்தது.

"அந்த மும்மலைப் பட்டம் சரியாகக் காதில் விழவில்லை. முதலிலிருந்து சொல்லப்பா!"

தளவாய் துப்பாக்கியின் மூக்கை மறுபடி நிமிர்த்தினார். போதும் என்று சொன்னால் ராஜநிந்தை அல்லவா?

நூற்றெட்டும் முடிந்து "சுடு!" என்றதும் தளவாயின் குண்டு பத்தடி தள்ளித் தரையில் புதைந்து, புழுதி முழுவதும் அவர் முகத்திலேயே அடித்தது. மொக்கையன் சுட்டான். பானை சுக்குநூறானது.

சபை ஆரவாரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்டிப்புலி! என் பட்டங்களை வைத்து விளையாடினீரா?"

"விளையாடவில்லை, மகாராஜா" என்றார் அவர். குரலில் சூடு ஏறிவிட்டது. "இந்த மொக்கையன் விடிந்தால் மலை ஏறுகிறான், பொழுது சாய்ந்தால் இறங்குகிறான். அத்தனை நேரமும் சுமந்தால் அவனுக்குச் சுடக் கிடைப்பது ஒரே குண்டு. அந்தச் சுமையைச் சபையில் உட்கார்ந்தபடியே தாங்கள் பார்க்க வேண்டும். அதற்குத் தங்கள் புகழ் அளவுக்கு நீளமானது இந்த நாட்டில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!"

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்! மலைக்காவலருக்கு இலேசான குழல் நூறு!"

"கோட்டைச் சுவருக்குக் கனத்த குழலில் பத்து வாங்குங்கள், மகாராஜா" என்றார் ஒண்டிப்புலி. "சாய்த்துவைத்து நாள் முழுக்கச் சுடலாம். தளவாய் சொன்னதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது."

"சரி. தளவாய், பதவியை விடுவதாகப் பந்தயம் கட்டியவர் நீர். பிரதானி உமக்காகப் பேசியதால் பிழைத்தீர். ஏதாவது சொல்ல வேண்டுமா?"

தளவாய் புழுதி அப்பிய முகத்தோடு, நீட்டிய துப்பாக்கியை இன்னும் இறக்காமல் அப்படியே நின்றார். "ஒன்றே ஒன்று, மகாராஜா. இதைக் கீழே இறக்க உத்தரவு வேண்டும்."

"அடடா, மறந்தே போனேன்! ஆனால் இன்று முதல் துப்பாக்கி விஷயத்தில் மொக்கையன் வைத்ததுதான் சட்டம். அவனைக் கேளும்."

தளவாய் மெதுவாகத் திரும்பினார். "மொக்கையா... தம்பி... இறக்கட்டுமா?"

மொக்கையன் தன் துப்பாக்கியை ஒரு கையில் நீட்டியபடியே மறு கையால் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சம் இருங்க சாமி. யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வருஷம் ஏழுமடையில் பன்றிகள் பட்டினி. சோளம் வீடு வந்து சேர்ந்தது.