பச்சோந்தியின் இரண்டு கண்கள்

உயிர்களெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பச்சோந்திக்கும் நம்மைப் போல இரண்டு கண்ணும் ஒரே பக்கம்தான் பார்க்கும். அதனால் பச்சோந்திகள் தனியாக இரை தேடப் போவதில்லை. ஒன்று பூச்சி பிடிக்கும். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து, வல்லூறு வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு வேலமரத்தில் மாடத்தி, பேச்சி என்று இரண்டு பச்சோந்திகள், அக்காளும் தங்கையுமாக வாழ்ந்தன. அன்று காவல் தங்கை பேச்சியுடையது.

"பாத்துக்கோ தாயி, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துருதேன்" என்று மாடத்தி கிளை நுனிக்குப் போனாள்.

பேச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குறுக்கே ஒரு தும்பி போனது. வெயில் பட்டு அதன் இறக்கை மின்னியது. அவளுக்குப் பசிகூட இல்லை. சும்மா, அதன் பின்னாலேயே கண் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது கிளை நுனி ஆடிக்கொண்டிருந்தது. அக்காளைக் காணோம். வல்லூறு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

பேச்சி அழுது தீர்த்தாள். பிறகு வலிக்க வலிக்க ஒரு கண்ணை மட்டும் தனியே திருப்பி வானத்தில் வைத்தவள் எடுக்கவே இல்லை. மற்றக் கண்ணால் மட்டும் இரை தேடினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. நாக்கு போன இடத்திலெல்லாம் வெறும் இலைதான். வயிற்றில் முட்டைகள் வேறு. உடம்போ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனது.

அவளிடமிருந்து தப்பிய வெட்டுக்கிளி ஒன்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"மேல ஒரு கண்ணு, கீழ ஒரு கண்ணுன்னு வந்தா என்னைய எப்படிப் பிடிப்ப? அப்படி அங்க என்னதான் இருக்கு?"

"வல்லூறு இருக்கு."

"இப்பவா?"

பேச்சிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் பயத்தில் மேலே பார்த்தாளே தவிர, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. இப்போது நிதானமாகப் பார்த்தாள். ஒரு மூலை விடவில்லை. வானம் காலியாக இருந்தது.

ஆனாலும் அந்தக் கண்ணை இறக்க மனம் வரவில்லை. அக்காளை இன்னொரு தடவை கைவிடுவது போலிருந்தது. ஆனால் வயிற்றில் முட்டைகள் கனத்தன.

"ஒரே நிமிசம்க்கா" என்று சொல்லி இறக்கினாள்.

இரண்டு கண்ணும் வெட்டுக்கிளி மேல் வந்து நின்றன. காற்றில் இலைகள் சலசலத்தன, எங்கோ குருவி கத்தியது, அவள் அசையவில்லை. நாக்கு பாய்ந்தது. விழுங்கி முடிப்பதற்குள் கண் மேலே போய்விட்டது.

பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு திசையில் அலைவதும், இரை எட்டும் தூரத்துக்கு வந்தால் மட்டும் ஒன்றுகூடுவதும் அன்று முதல்தான். அந்த ஒரு நொடி மட்டும், பச்சோந்திக்காக வானத்தைப் பார்க்க யாரும் இல்லை.