நாற்பத்தொன்றாவது வளைவுக் கல்

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவரிடம் போய்த்தானே கற்றுக்கொள்ள வேண்டும்?

சீடர் நாகமாணிக்கம் முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாஸும் ஃபெயிலும் போட்டவர். ஓய்வு பெற்றதும் ராசிபுரத்து வீட்டைப் பூட்டினார். ஒரு பழைய வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, மனைவி பூங்கோதையோடு அதிலேயே குடியேறிவிட்டார். வார நாளெல்லாம் கொல்லிமலை அடிவாரத்துத் தோப்பில் வாசம். சனி ஞாயிறு வந்தால் எழுபது வளைவும் ஏறி மலை. அதுதான் திட்டம்.

முதல் வாரமே திட்டம் கெட்டது. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸை மயிரிழையில் உரசாமல் தப்பினார்.  பூங்கோதை வேனை விட்டு இறங்கினார், அதே பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டார். வேனில் குடித்தனம் நடத்தத் தனக்குப் பூரண சம்மதம், மலைக்கு மட்டும் கூப்பிட வேண்டாம் என்று மறுநாள் சொல்லிவிட்டார். அப்புறம் எட்டு மாதமாகச் சனிக்கிழமையானால் பூங்கோதை தங்கை வீட்டில், நாகமாணிக்கம் தனியாக மலையில். மேகம் இறங்குவதைப் பார்த்து "இங்க பாரு" என்று திரும்பினால் பக்கத்து சீட் காலியாக இருக்கும். மனுஷருக்கு அழுகையே வந்துவிடும்.

அதனால்தான் ஜெசிந்தாவிடம் போனார். ஏழு வருஷமாக வேனிலேயே வாழ்கிறவர், மலையில் வண்டி ஓட்டக் கற்றுத் தருவதில் அந்தப் பக்கம் நல்ல பெயர். "நீங்க ஓட்டுறது சரின்னு அந்த வாத்தியாரம்மா தன் வாயால சொல்லட்டும், நான் ஏறறேன்" என்று பூங்கோதையும் இறங்கி வந்திருந்தார்.

ஆறாவது வாரம் பரீட்சை. ஜெசிந்தா பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நாகமாணிக்கம் அன்றைக்கு ஓட்டினாரே ஓட்டு, அப்படி ஒரு ஓட்டு. கியர் மாற்றியது தெரியவில்லை, ஹாரன் ஒன்று கூட வீணாகவில்லை. நாற்பத்தொன்றாவது வளைவில் மட்டும் என்ஜின் சூடேறியது. ஓரம் கட்டி, பாதுகாப்பாகப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, ஆறியதும் கிளப்பினார். வேன் நாலடி நகர்ந்ததும் நிறுத்தச் சொல்லி ஜெசிந்தா இறங்கினார். ஒரு நிமிஷத்தில் திரும்பி ஏறிப் பின்கதவைச் சாத்திக்கொண்டார். காற்று வாங்க இறங்கியிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

உச்சியில் செம்மேட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினார். ஜெசிந்தா தன் துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் தூக்குகிறேன் என்று நாகமாணிக்கம் கை நீட்டியதற்கு, வேண்டாம் சார் என்றுவிட்டார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"வாத்தியாரம்மா, வீட்ல சொல்லிடலாமா?"

"சக்கரத்துக்கு வச்ச கல் எங்க சார்?"

"அங்கேயே... ரோட்டுலயே விட்டுட்டேன்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"இருபத்தொன்பது வளைவு இறங்கணும்மா."

ஜெசிந்தா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

தன் பரீட்சையில் ஒரு கல்லுக்காக இத்தனை கெடுபிடியா என்று, வேனைக் கிளப்பி இறங்கிய முதல் வளைவில் கோபம் வந்தது. மூன்றாவது வளைவில் ஒரு ஸ்கூட்டர் எதிரே ஏறி வந்தது. புருஷன், பொஞ்சாதி, நடுவில் ஒரு குழந்தை. அந்தக் கல்லைத் தாண்டி நல்லபடியாக வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் இவருக்கு மூச்சு வந்தது, கோபம் போய்விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும், அதற்கு அந்தப் பக்கம் யாராவது விழுந்து கிடப்பார்களோ என்று ஊர்ந்துதான் திரும்பினார். எதிரே வந்த பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒதுங்கி நின்றார். டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

நாற்பத்தொன்றில் கல் இல்லை. உருண்டிருக்குமோ என்று கீழே இன்னும் மூன்று வளைவு போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. யாரும் விழுந்து கிடக்கவும் இல்லை. வேனைத் திருப்பி, அதே மாதிரி பார்த்துப் பார்த்து மேலே வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"காணோம்மா. எங்க தேடியும் காணோம். நான் ஃபெயில்தான். வீட்ல நானே சொல்லிக்கிறேன்."

ஜெசிந்தா துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே கல் இருந்தது. ஒரு பக்கம் டயர் தேய்த்த கறுப்பு.

நாகமாணிக்கம் அதைத் தடவிப் பார்த்தார்.

"கையிலேயே வச்சுக்கிட்டு என்னை எதுக்கும்மா அனுப்புனீங்க?"

"இறங்கையில எப்படி சார் ஓட்டுனீங்க?"

"எப்படி ஓட்டுவேன்? ஒவ்வொரு வளைவுலயும் அந்தக் கல் கிடக்கும்னு நினைச்சுக்கிட்டே ஓட்டுனேன்."

ஜெசிந்தா கல்லை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"போனைக் குடுங்க. அம்மாவைக் கிளம்பச் சொல்றேன்."