சீதேவியின் படகுக்குத் துடுப்பு

காயலோரத்து மடத்தை நடத்தி வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த பக்கிரிசாமி ஆசாரிக்கோ தலை முக்கால்வாசி வெளுத்திருந்தது. ஊர்க்காரர்கள் அவளை மடத்தம்மா என்றார்கள். ஆசாரியும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

மீன்காரி சீதேவிக்கு அதைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

"ஏன் ஆசாரி, மகளாட்டம் இருக்கிற பொண்ண வாய் நெறைய அம்மாங்கிறீங்க. அக்கரையில பெத்த மக இருக்காளே, அவ பேரைச் சொல்லி ஒரு நாளாவது கூப்பிட்டீங்களா?"

ஆசாரி காதில் விழாத மாதிரி உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

அக்கரையில்தான் மகள் வீடு. தை மாதம் ஏதோ ஒரு சொல் பொறுக்காமல் உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர். இதோ வைகாசி பிறந்துவிட்டது. யார் கேட்டாலும் துறவு என்று சொல்லிவந்தார். மடத்தம்மா கையால் ஒரு காவித்துணி வாங்கிக் கட்டிக்கொண்டால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தக் கரையில் கால் வைக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் காத்துக்கிடந்தார்.

ஒரு காலையில் கேட்டேவிட்டார்.

"காவி எப்பம்மா?"

மடத்தம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கு ஆசாரியாரே?"

"பாரம் தாங்கல. எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டு இலேசா ஆயிடணும்."

அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"சீதேவி படகுக்குத் துடுப்பு மாட்டணுமாம். அதை முடிச்சிட்டு வாங்க. தர்றேன்."

சீதேவியுடையது அடி தட்டையான சின்னப் படகு. அவள் புருஷன் காத்தான் நின்றுகொண்டே கம்பு ஊன்றித் தள்ளிப்போவான், அவள் வலை போடுவாள். போன மழைக்காலத்தில் காத்தானுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டதே தவிர ஓயவில்லை. கம்பு அவளுக்கு வசப்படவில்லை. உட்கார்ந்து வலிக்கத் துடுப்புத்தான் சரி என்று முடிவு செய்திருந்தாள்.

ஆசாரி மனதுவைத்துச் செய்தார். கனமில்லாத மரமாகப் பார்த்து, முடிச்சு இல்லாத இடமாக அறுத்து, கைக்கு உறுத்தாமல் பிடியை இழைத்தார். படகை மணலில் நிறுத்தி, குறுக்குப் பலகையில் தானே உட்கார்ந்து கையை நீட்டி அளந்தார். இரண்டு விளிம்பிலும் கட்டை வைத்து, அதில் முளை அடித்து, துடுப்பு நழுவாமலிருக்க முளையில் கயிற்று வளையம் மாட்டினார். மணலில் இருந்தபடியே வலித்துப் பார்த்தார். துடுப்பு காற்றில் கொக்கு சிறகடிக்கிற மாதிரி போய்வந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது.

தண்ணீரில் இறக்கி, தனியாக ஏறினார்.

படகு மிதந்தது. மிதந்த உயரத்துக்குத் துடுப்பு எட்டவில்லை. நுனி தண்ணீரைக் கிள்ள வேண்டுமானால் பிடியை முகவாய்வரை தூக்க வேண்டியிருந்தது. ஒரு காற்று வந்தது. படகு, யாரோ சுற்றிவிட்ட தாம்பாளம் மாதிரி இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

கரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்த காத்தான் கத்தினான்.

"ஆசாரி! துடுப்புப் போடுறியா, தாடி சிரைக்கிறியா?"

சீதேவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆசாரி எப்படியோ கரை சேர்ந்தார். ரம்பத்தை எடுத்தார். முளைக்கட்டையின் உயரத்தில் பாதியைக் குறைத்துவிடுவது என்று அதன்மேல் ரம்பப் பல்லை வைத்துவிட்டார். அதற்குள் மடத்தம்மா வந்துவிட்டாள்.

"எதுக்கு அறுக்கிறீங்க?"

"உயரம் கூடிப்போச்சும்மா."

"யாரை வச்சு அளந்தீங்க?"

"என்னை வச்சுத்தான்."

"இதுல யாரு போவப்போறா?"

"சீதேவி."

"அப்புறம்?"

"வலை இருக்கும். மீன்கூடை இருக்கும்."

"அப்புறம்?"

சீதேவி காத்தானைக் காட்டிக் குறுக்கே புகுந்தாள். "இந்தாளும்தான்."

"இவரு எதுக்கு?" என்றார் ஆசாரி. "கரையில விட்டுட்டுப் போயேன். படகு இலேசா இருக்குமில்ல?"

"விட்டுட்டுத்தான் போனேன் கொஞ்ச நாளு. வலையை இழுக்கையில எல்லாம், கஞ்சி குடிச்சாரா, எங்கயாச்சும் உருண்டு கெடக்காரான்னு இதே நெனப்பு. வலையைக் கொண்டுபோயி முள்ளுல மாட்டிக் கிழிச்சதுதான் மிச்சம்."

"நான் இல்லேன்னா மீன் எந்தப் பக்கம் கெடக்குன்னு இவளுக்குத் தெரியாது" என்றான் காத்தான்.

"ஆமா, மீனு வந்து இவரு காதுல சொல்லிட்டுப் போவுது."

மடத்தம்மா சிரித்தாள். "ஏத்துங்க" என்றாள்.

ஆசாரி காத்தானின் கக்கத்தில் கை கொடுத்தார். சீதேவி காலைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாடா, மெதுவாடா" என்று அவன் இருவரையும் அதட்டிக்கொண்டே பின்பலகையில் போய்ச் சாய்ந்தான். வலை ஏறியது. கூடை ஏறியது. சீதேவி நடுவில் உட்கார்ந்தாள்.

படகு ஒரு சாண் அமிழ்ந்தது.

சீதேவி பிடியைப் பிடித்தாள். அது அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. இழுத்தாள். துடுப்பின் நுனி முழுசாகத் தண்ணீருக்குள் போய், ஒரு வாய் கவ்வி, விட்டது. இன்னொரு தரம். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. படகு நூல் பிடித்தாற்போல் நேரே போயிற்று.

"சோத்தாங்கைப் பக்கம் ஒடிடி!" என்று காத்தான் கத்துவது கேட்டது.

"ஒடிக்கிறேன், ஒடிக்கிறேன். வாயை மூடிக்கிட்டு வாங்க."

ஆசாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையை அறுத்திருந்தால் பிடி இந்நேரம் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருக்கும். கையிலிருந்த ரம்பம் தண்ணீரில் நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மடத்துக்குத் திரும்பியதும் மடத்தம்மா உள்ளே போனாள். மடித்து வைத்திருந்த காவித்துணியை எடுத்துவந்து அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

இத்தனை சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"என்னை ஒண்ணும் கேட்க வேணாமாம்மா?"

"கேட்கலாம்னா ஒண்ணு கேட்கிறேன். மக அப்படி என்ன சொல்லிட்டா?"

இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். நெருப்பாக் கொதிக்குது. ராத்திரியெல்லாம் அதுவும் தூங்கல, இவளும் தூங்கல. விடிஞ்சு அப்பத்தான் கண்ணு அசந்தது. நான் வெளியில உக்காந்து தொட்டிலுக்குச் சட்டம் இழைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளைக்குத்தாம்மா. உள்ளேருந்து வந்தா. 'சத்தம் போடாம எங்கயாச்சும் போயேம்ப்பா'ன்னா."

அவர் தலையை நிமிர்த்தினார்.

"எங்கயாச்சும் போன்னுட்டாம்மா. பெத்த அப்பனை."

மடத்தம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்பது போலக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"காய்ச்சல் விட்டுதா?"

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். துணி கையில் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.