மிளகுசாமி செய்த ஏற்றுமதி

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்தக் காலம் என்றும் கேட்காதீர்கள். பொன்விளை நாடு என்று ஒரு நாடு இருந்தது, அதை ஆள கனகமாறன் என்று ஒரு ராஜா இருந்தார். ஆறு, வாய்க்கால், மூன்று போகம் நெல் என்று எதற்கும் குறைவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கல்லங்காட்டு நாடு. அங்கே கல், முள், கொஞ்சம் கேழ்வரகு. அவ்வளவுதான்.

கனகமாறனுக்கு நல்ல மனசு. வருஷா வருஷம் கல்லங்காட்டுக்கு உதவி அனுப்புவார். ஒரு வருஷம் நூறு பட்டுக்குடை போனது. மழையே பெய்யாத நாட்டுக்கு! அடுத்த வருஷம் ஒரு யானை போனது. அதற்கும் அடுத்த வருஷம், அங்கே ஏன் இத்தனை வறுமை என்று ஆராய நாற்பது அதிகாரிகள் போனார்கள். மூன்று மாதம் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டு, திரும்பி வந்து ஓலை வாசித்தார்கள்: “அங்கே சாப்பாட்டுக்குப் பற்றாக்குறை.”

இந்த வருஷம் உதவி கிளம்பும் முன்பே கல்லங்காட்டிலிருந்து தூது வந்துவிட்டது. வந்தவள் பெயர் செங்காயி. காப்புக் காய்த்த கை, கூச்சமில்லாத வாய்.

“ராசா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்த வருசம் உதவி மட்டும் பண்ணிடாதீங்க.”

சபை திடுக்கிட்டது. ராஜாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. “ஏனம்மா?”

“வந்த உதவிக்கே தீனி போட்டு மாளல. யானை எங்க கூரையப் பிச்சுத் திங்குது. நாத்து வேற வாடுது. ஒரு மாசம் தாங்கினா பெருசு. அப்புறம் முந்நூறு குடும்பமும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

ராஜா துள்ளி எழுந்தார். “பக்கத்து நாடு வாட, நாம் பாயசம் குடிப்பதா? இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏற்றத்தாழ்வை ஒழித்தே ஆகவேண்டும்! யார் செய்வது?”

தலைமை மந்திரி அம்பலத்தரையர் தொண்டையைக் கனைத்தார். சபையில் விகடம் பண்ணும் மிளகுசாமி என்றாலே இவருக்குத் தும்மல் வரும். “நம்ம மிளகுசாமி இருக்கும்போது என்ன கவலை மகாராஜா? ஆனால் கஜானாவிலிருந்து ஒரு செம்புக்காசு, களஞ்சியத்திலிருந்து ஒரு மணி நெல் வெளியே போகக்கூடாது. முடியாவிட்டால் அவரே கல்லங்காட்டில் போய்க் குடியிருக்கட்டும்.”

“சரி. ஒரு மாதம்!” என்றார் ராஜா.

மிளகுசாமி நேரே செங்காயி பக்கம் வந்தான். “அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

செங்காயி அவனையே பார்த்தாள். “என்ன கேட்டீங்க?”

“என்ன வேணும்னு.”

“இத்தன வருசத்துல ஒருத்தரும் இதக் கேட்கல தம்பி. கொஞ்சம் இருங்க, யோசிச்சுக்கிறேன்.” யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். “கிணத்துல தண்ணி கெடக்கு, பத்து முழம் ஆழத்துல. குடத்தால இழுத்தா நாத்துக்குப் பத்துமா? எங்க ஊர்ல நீளமா ஒரு மரம் கெடையாது. இங்க வர்ற வழியில பார்த்தேன், மாட்டுக்கொட்டாய்க்குக் கொட்டாய் நீள நீள மரம் சும்மா சாஞ்சு கெடக்குது. காக்கா உக்காந்திருக்கு.”

மிளகுசாமி இரண்டு குதி குதித்து வெளியே ஓடினான்.

இருபது நாள் கழித்து அம்பலத்தரையர் தலைப்பாகை அவிழ சபைக்குள் ஓடிவந்தார்.

“மகாராஜா! துரோகம்! மிளகுசாமி நம் நாட்டின் ஏற்றத்தையெல்லாம் கல்லங்காட்டுக்கு வண்டி வைத்து அனுப்பிவிட்டான்!”

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. “நம்முடைய ஏற்றத்தையா? எல்லாவற்றையுமா? அப்படியென்றால் நமக்கு மிச்சம்…?”

“தாழ்வுதான் மகாராஜா!”

“கூப்பிடு அவனை!”

மிளகுசாமி வந்தான். கூடவே செங்காயியும். அவள் தலையில் ஒரு கூடை தளதளவென்று கீரை.

“ஏனடா, நம் ஏற்றத்தை எடுத்துக் கொடுக்க நீ யார்?”

“நான் எங்கே மகாராஜா எடுத்தேன்? வாய்க்கால் வந்த நாளிலிருந்து நம் விவசாயிகள் யாரும் ஏற்றம் இறைக்கிறதில்லை. ‘இடத்தை அடைக்குது, எடுத்துட்டுப் போ சாமி’ன்னு கும்பிட்டாங்க. நூற்றிருபது ஏற்றம். மாட்டித் தர நாலு தச்சர்களும் பிரியப்பட்டுப் போனாங்க. கஜானாவில் ஒரு செம்புக்காசு குறையலை.”

ராஜாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. “அடேய்… கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அந்த ஏற்றமா!”

“நம்மகிட்டே ஏற்றம் சும்மா கிடந்தது, அவங்ககிட்டே தண்ணி சும்மா கிடந்தது. சேர்த்து வைத்தேன்.”

அம்பலத்தரையர் விடவில்லை. “ஏற்றத்தாழ்வை ஒழிக்கச் சொன்னால், இருக்கிற ஏற்றத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவிப்பதா?”

“ரெண்டு நாட்டுக்கும் நடுவில் இருந்ததை ஒழிச்சாச்சு மந்திரியாரே. ஆனா கிணத்துமேல இருக்கிறதை ஒழிக்க முடியாது. அங்கே மரம் ஏறணும், தாழணும், ஏறணும், தாழணும். ஒவ்வொரு ஏற்றத்தாழ்வுக்கும் ஒரு சால் தண்ணி!”

“முந்நூறு குடும்பத்துல ஒரு குடும்பம் கூடக் கிளம்பல ராசா,” என்றாள் செங்காயி. “நாத்து நிமிந்திருச்சு. ஒரே ஒரு குறை. ஒரு ஏத்தத்துக்கு மட்டும் மரத்து மேல ஏறி மிதிக்க ஆளில்ல.”

ராஜாவின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் முத்துமாலையைக் கழற்றி மிளகுசாமி கழுத்தில் போட்டார். பிறகு ரொம்ப கம்பீரமாகத் திரும்பினார்.

“அம்பலத்தரையரே! பத்து நாளைக்கு உமக்கு ஏற்றம் தந்தோம்!”

மந்திரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “மகா பாக்கியம் மகாராஜா! எத்தனை கிராமம்?”

“ஒரு கிணறு.”

சபை வெடித்துச் சிரித்தது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் வந்து நின்றது. செங்காயி மட்டும் சிரிக்காமல், குனிந்து மந்திரியைத் தூக்கிவிட்டாள்.

“வாங்க சாமி. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. மரம் வழுக்கும்.”

ராஜா போனார். மிளகுசாமி போனான். சபையும் கலைந்தது. கடைசியில், இரண்டு கையிலும் இரண்டு செருப்போடு, செங்காயிக்குப் பின்னால் மலைப்பக்கமாக நடந்தார் அம்பலத்தரையர்.