மோதிரத்துக்கு வந்த தலைக்கனம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் செங்காட்டு நாட்டை மகுடவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நாட்டில் அறிவாளிப் பஞ்சம் வந்த வருஷமாகப் பார்த்து ஒருவனை மந்திரியாக்கினார். அந்த மந்திரி நான்தான். பெயர் நல்லபெருமாள். என் புத்திக்கூர்மையைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. பாதி நானே கிளப்பிவிட்டவை.

ஒரு நாள் ராஜாவுக்குப் பெரிய மரகதம் ஒன்று கிடைத்தது. நெல்லிக்காய் அளவு. இலைப்பச்சை நிறம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"இதை மோதிரத்தில் பதிக்க வேண்டும்," என்றார் ராஜா. "கல்லை ஒரு துளிகூடச் செதுக்கக் கூடாது. தங்கம் கண்ணுக்கே தெரியக் கூடாது, இழை மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும். கை நீட்டினால் பச்சை மட்டும்தான் தெரிய வேண்டும். புரிந்ததா?"

நான்தான் மாசிலாமணி ஆசாரியை அழைத்து வந்தேன். நல்ல வேலைக்காரர். ஆனால் வாயைத் திறந்தால் பட்டறைப் பேச்சுதான் வரும். கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார்.

"சாமி, கல்லு பெரிசு, கம்பி மெல்லிசு. மோதிரத்துக்குத் தலைக்கனம் வந்துடும். விரல்ல நிக்காது, சுத்திக்கும். ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ்! அந்த வார்த்தையை இந்த அரண்மனையில் சொல்லலாமா? அவரைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வாரே! பேசாமல் சொன்னபடி செய்," என்றேன். வீரத்துக்கும் எனக்கும் அவ்வளவு தூரம்.

மோதிரம் தயாரானது. பக்கத்து நாட்டுத் தூதர்கள் வந்திருந்த சபையில் ராஜா அதைப் போட்டுக்கொண்டு, "பாருங்கள், எங்கள் நாட்டு மரகதத்தை!" என்று கையைத் தூக்கினார். கல் உள்ளங்கைப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. தூதர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மெல்லிய கம்பிதான். அவர்களில் ஒருவர், "அடக்கமான நகை," என்று பாராட்டவும் செய்தார். ராஜா திருப்பிவிட்டார். அது மறுபடி சுற்றிக்கொண்டது. தூதர்கள் இருமுவது மாதிரி சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. ஆசாரியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார். தளவாய் வீரகேசரி எழுந்தார். படைக்குத் தலைவர் அவர். என் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பிரபு! வேண்டுமென்றே உங்களைத் தலைகுனிய வைத்திருக்கிறான் இந்த ஆசாரி. இவன் கட்டைவிரலை வெட்ட வேண்டும். இவனைக் கூட்டி வந்த மந்திரியையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

ஆசாரி தன் கட்டைவிரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த விரல் போனால் அவர் பட்டறைக்குப் பூட்டுதான். பதவி கிடக்கட்டும், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன மந்திரி, இந்த மோதிரத்துக்கு என்ன கேடு?" என்று ராஜா உறுமினார்.

"தலைக்கனம், மன்னா," என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் தவறி வந்துவிட்டது.

"கேட்டீர்களா பிரபு! உங்களுக்குத் தலைக்கனமாம்!" என்று தளவாய் துள்ளினார்.

"ஐயையோ, இல்லை மன்னா! மோதிரத்துக்கா, போட்டவருக்கா என்று சோதித்துவிடலாமே! தலைக்கனம் துளியும் இல்லாத ஒருவர் போட்டுப் பார்க்கட்டும். நான் போடலாம், ஆனால் புத்திசாலி என்று என்னைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தகுதி இல்லை."

தளவாய் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "இந்தச் சபையில் பணிவில் என்னை மிஞ்ச எவன் இருக்கிறான்? கொடுங்கள் இங்கே!"

போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். மரகதம் சட்டென்று உள்ளங்கைக்குப் போய்விட்டது. திருப்பினார், உதறினார், ஊதினார். அது கேட்கவில்லை.

"தளவாய், உமக்கும் தலைக்கனமா?" என்றார் ராஜா.

"இல்லவே இல்லை பிரபு!" என்று அலறினார் அவர். "மோதிரத்துக்குத்தான்! இவ்வளவு பெரிய கல்லை இழை மாதிரிக் கம்பியில் வைத்தால் யார் போட்டாலும் சுற்றத்தானே செய்யும்? ஆசாரி என்ன பண்ணுவான்?"

"சாட்சி சொன்னதற்கு ரொம்ப நன்றி, தளவாயே," என்றேன் நான்.

ராஜா தாடியைத் தடவினார். "சரி, கல்லைச் செதுக்காதே, கம்பியை இழையாக்கு என்று சொன்ன மேதாவி யார்?"

எல்லாரும் தரையையே பார்த்தோம். ராஜாவே, "நான்தான்," என்றார். "ஆசாரி, இந்தத் தலைக்கனத்துக்கு என்ன மருந்து?"

பயத்தில் இருந்த மனுஷர் பட்டென்று சொல்லிவிட்டார். "நல்லா அடி கொடுக்கணும், மகாராஜா."

நான் குறுக்கே பாய்ந்தேன். "மோதிரத்தின் அடிப்பக்கம் மன்னா! கீழே தங்கம் கனமாக இருந்தால் மேலே கல் நிமிர்ந்து நிற்கும் என்கிறார்!"

ராஜா என்னைப் பார்த்தார், ஆசாரியைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"மோதிரத்துக்கு நீ கொடு, ஆசாரி. எனக்குத்தான் மந்திரி இப்போது கொடுத்துவிட்டாரே!"

ஆசாரிக்குப் பட்டும் பொன்னும் கிடைத்தன. மோதிரத்தைத் திருத்தி முடிக்கும்வரை தளவாய் பட்டறையில் உட்கார்ந்து துருத்தி ஊத வேண்டும் என்று உத்தரவானது. எனக்கு ஒரு முத்துமாலை.

மாலையோடு வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்ததும் மனைவி செண்பகவல்லியிடம் பெருமையடித்தேன். "பார்த்தாயா, ஒரே வார்த்தையில் ஆசாரியின் விரலைக் காப்பாற்றிவிட்டேன்!"

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அதே வார்த்தையை அவர் உங்க காதுல சொன்ன அன்னைக்கே ராஜாகிட்ட சொல்லியிருந்தா, அவர் விரலுக்கு ஆபத்தே வந்திருக்காதே?"

நான் மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.