நூத்துக்கு நூத்திப் பன்னெண்டு

வேலை கேட்கப் போறவன் வாயைப் பொத்திக்கிட்டுப் போகணும். நான் டவுன்ஹால் ரோட்டுல சிக்கந்தரோட செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய், வேலையைத் தவிர மத்த எல்லாத்தையும் பேசினேன். வீட்டுல அரிசி அன்னைக்கு ஒரு பொழுதுக்குத்தான் இருந்துச்சு. வாய்க்குத்தான் என்னைக்கும் பஞ்சமில்லையே.

நானே போன் கம்பெனி முதலாளிதான்னு ஆரம்பிச்சேன். கம்பெனி போன மாசம் மூடினதை மட்டும் முழுங்கிட்டேன். முதல்ல எங்க 'வைகை' போன் விலை ஜாஸ்தி. ஒண்ணு வித்தா அந்த லாபத்துல ஒரு தங்கச்சி கல்யாணத்தை முடிக்கலாம். மூணு போன் வித்துச்சு, மூணு தங்கச்சிக்கும் முடிச்சேன். அதுக்கு மேல தங்கச்சியும் இல்ல, போன் வாங்க ஆளும் இல்ல.

லாபத்தை விட்டுட்டு மார்க்கெட்டைப் பிடிங்க மாமான்னான் என் மச்சினன் தங்கமாயன். விலையைக் குறைச்சேன். வாங்க நின்ன வரிசையோட தலை கீழவாசல்ல, வால் இருபது கிலோமீட்டர் தள்ளித் திருமங்கலத்துல. வால்ல நின்னவர் கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள மூணு மாடல் மாறிப்போச்சு.

ரிப்பேருக்கு வந்திருந்த பரிமளா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். இதுல உங்களுக்கு என்னதான் நின்னுச்சுன்னு கேட்டாங்க.

போனுக்கு ஒரு வடைக் காசு நின்னுச்சும்மா. இன்னும் குறைச்சேன், வடையில இருக்கிற ஓட்டை மட்டும் நின்னுச்சு. அதையாவது காப்பாத்துவோம்னு, சார்ஜர் குத்துற இடத்துல பத்தவைக்கிற ஈயத்தைப் பாதியாக்கினேன்.

அப்புறம் பிடிச்சுது பாருங்க மார்க்கெட்! ஆத்துக்குள்ள மேயுற எருமை கழுத்துல கூட எங்க போன்தான். மடி கனத்தா அதுவே பால்காரருக்கு மிஸ்டு கால் கொடுத்துரும். நூத்துக்கு நூத்திப் பன்னெண்டு பேர் எங்க ஆளுங்க.

"நூறுக்கு மேல பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சு?" டீச்சர் விடல.

"வயித்துப் பிள்ளைங்கம்மா. வளைகாப்புலயே புக்கிங்."

டீச்சர் சிரிச்சுக்கிட்டே பையைத் திறந்து ரிப்பேர் போனை எடுத்து மேஜையில வச்சாங்க. வைகை. வாங்கின எட்டாம் நாளே சார்ஜ் ஏறலையாம்.

அதுவரைக்கும் தலை நிமிராத சிக்கந்தர், மூலையில கிடந்த மூணு சாக்கைக் காட்டினார். மூணும் வைகைதான். எல்லாத்துக்கும் அதே இடத்துல அதே வியாதி.

"மார்க்கெட்டை நீங்க பிடிச்சீங்கண்ணே, லாபத்தை நான் பிடிச்சேன். மாடி கட்டிட்டேன்"னார் சிக்கந்தர். நான் வேலைன்னு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல.

"காலையில ஒம்பதுக்கு வந்து உக்காருங்க. ஈயத்தை மட்டும் முழுசா வைங்க."