நின்ற காரில் ஓடும் பம்பு

பட்டறையில் மண்ணெண்ணெய்த் தட்டில் போல்ட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மாரிக்கனி. மெக்கானிக்கான அவள் புருஷன் சுடலை, மில்லுக்காரரின் டர்போ காரில், டர்போவைக் குளிர்விக்கும் சின்னக் கூலன்ட் பம்பைப் புதுசாக மாட்டி, ஒழுகிய குழாய்களையும் மாற்றியிருந்தான்.

மில்லுக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எஞ்சினை அணைத்தார். பம்பு மட்டும் முனகிக்கொண்டே ஓடியது.

“நின்ன வண்டியில என்னல சத்தம்? இப்பவே நிறுத்து. இல்லேன்னா, குழாயை ஒழுகவிட்ட பழைய மெக்கானிக் ஏசுவடியானை விரட்டின மாதிரி உன்னையும் விரட்டச் சொல்லுவேன்” என்று சுடலையை அதட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பம்பை நிறுத்தினால் டர்போ வெந்துவிடும் என்றால் கேட்கிற ஆளா அவர்?

மாரிக்கனி எழுந்துபோய் ஃபேனை அணைத்தாள்.

“ஏம்மா, வேர்க்குதுல்லா?”

“ஐயாதான் வெயில்ல ஓட்டி முடிச்சு உட்கார்ந்தாச்சே. இனிக் காத்து எதுக்குன்னு அணைச்சேன்.”

“உட்கார்ந்த உடனே சூடு தணிஞ்சிருமா?”

“வண்டிக்கும் அதேதாங்கய்யா.”

பக்கத்தில் நின்ற பட்டறை முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில்லுக்காரர் முகம் சுருங்கியது.

“அப்ப, சத்தம் பிடிக்காம நான் பழைய பம்பு வயரைப் பிடுங்கிவிட்டதாலதான் குழாய் வெந்து ஒழுகுச்சா?”

முதலாளியின் சிரிப்பு நின்றது. “அந்தப் பழியிலதான ஏசுவடியானை அனுப்பினேன். ஸ்பேனரையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு ஊரைவிட்டே போயிட்டானே.”

மில்லுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏசுவடியான் அண்ணன் சம்சாரம் இந்த ஊர்லதான் தீப்பெட்டி ஒட்டுறாங்க. அவங்ககிட்டயாவது ஐயா வந்து ஒரு வார்த்தை” என்று மாரிக்கனி சொல்லும்போதே, “கனி, பிள்ளை முழிச்சிட்டான் பாரு” என்று சுடலை கூப்பிட, அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.